இஃப்டெஃப்பைக் குறையுங்கள்

லினக்ஸ் டிரைவரில் ஸ்டாட்டிக் ஃபங்ஷனை (அந்த ஃபைலுக்குள் மட்டும் பயன்படுவது) கூப்பிடும் வரியை இஃப்டெஃப் போட்டு, அதாவது கொன்ஃபிக் (கேர்னலில் ஒரு வசதியைச் சேர்க்கவா வேண்டாமா என்ற தெரிவு) அணைந்திருந்தால் கொம்பைலர் கண்ணிலேயே படாதபடி, மறைக்காதீர்கள். சாதாரண இஃப்புக்குள் ஐஎஸ்_எனேபிள்ட் (கொன்ஃபிக் இயங்கினால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம் தரும் மேக்ரோ) வைத்துக் கூப்பிடுங்கள். கொன்ஃபிக்கை அணைத்தாலும் ‘பயன்படுத்தப்படாத ஃபங்ஷன்’ என்ற எச்சரிக்கை வராது. கொம்பைலர் அந்த வரியையும் வாசிப்பதால் எழுத்துப்பிழை, டைப் பிழை அங்கேயே மாட்டும். நிபந்தனை பூச்சியம் என்று தெரிந்ததும் கொம்பைலரின் ஒப்டிமைசர் ஃபங்ஷனையே தூக்கிவிடும். மட்டக்களப்பு வாவியில் நீர்மட்டம் அளக்கும் சின்ன போர்டுக்கு டிரைவர் எழுதுகிறவருக்கும் இதே கதைதான், மொடியூல் வீணாகப் பெரிதாகாது. சஸ்பெண்ட், ரெசியூம் (தூங்க வைக்கும், எழுப்பும்) ஃபங்ஷன்களுக்கென்றால் கேர்னல் 5.17 முதல் பிஎம்_ஸ்லீப்_பிடிஆர் என்ற மேக்ரோ இருக்கிறது, அது இன்னும் சுத்தம்.

ஆனால் கொன்ஃபிக் இல்லாதபோது ஸ்ட்ரக்டிலேயே (தரவுகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு) இல்லாமல் போகும் ஃபீல்டைத் தொட்டால், கொம்பைலர் அந்த வரியையும் வாசிப்பதால், பில்ட் உடையும். அங்கே மட்டும் பழைய இஃப்டெஃப்தான் சரி.