மரண உதவிச் சங்கம்: தொடங்குவதும் நிலைக்க வைப்பதும்

செத்தவீட்டில் காசு தேவைப்படுவது முதல் சில மணி நேரத்தில்தான். பெட்டி, பந்தல், கதிரை, தேநீர் எதுவும் வங்கி திறக்கும்வரை காத்திராது. இலங்கையில் ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் இருப்பது இதற்காகத்தான்.

சங்கம் தொடங்கும்போது முதலில் கணக்கைப் போடுங்கள், பெயரைப் பிறகு வைக்கலாம். 60 குடும்பம், மாதச் சந்தா 300 ரூபா என்றால் ஆண்டுக்கு 216,000. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், இரு பக்கப் பெற்றோர் என்று குடும்பத்துக்கு 6 பேர் வீதம் 360 பேர் பட்டியலில் வருவார்கள். நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 6, 7 மரணம் என்பதால் இரண்டு, மூன்றுதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோரைச் சேர்த்ததால் உங்கள் பட்டியலில் முதியவர்கள் அதிகம். ஐந்துக்குத் திட்டமிடுங்கள். தலைக்கு 30,000 கொடுத்தால் 150,000 போகும். மிச்சம் 66,000 கையிருப்புக்கும் சாமானுக்கும்.

சந்தா வேண்டாம், மரணத்துக்கு மரணம் தண்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் 1868இல் தொடங்கிய ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென் என்ற உதவிச் சங்கம் அப்படித்தான் ஆளுக்கு ஒரு டாலர் தண்டியது. உறுப்பினர்களுக்கு வயதாக ஆகத் தண்டல் அடிக்கடி வந்தது, இளையவர்கள் சேரத் தயங்கினார்கள். இளையவர் இல்லாத சங்கத்தில் சுமை இன்னும் ஏறும். மாதச் சந்தாவே நல்லது.

பிணக்கு வருவது பெரும்பாலும் பட்டியலில். அண்ணனும் தம்பியும் உறுப்பினர், தகப்பன் இறந்தால் இருவருக்கும் கொடுப்பதா? ஒரு மரணத்துக்கு ஒரு கொடுப்பனவுதான் என்று முதல் நாளே யாப்பில், அதாவது சங்க விதிகளில், எழுதுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு ஆறு மாதம் கழித்தே உரிமை. இல்லாவிட்டால் நோயாளி படுக்கையில் விழுந்த பிறகுதான் சேர வருவார்கள். மூன்று மாத நிலுவை இருந்தால் உரிமை நிற்கும். மரணம் நடந்த பிறகு நிலுவையை வாங்கவே கூடாது. இரக்கப்பட்டு ஒருமுறை வாங்கினால் அடுத்த மாதம் ஒழுங்காகக் கட்டுபவரும் நிறுத்திவிடுவார்.

ஒரு மரணத்துக்கான காசு எப்போதும் பொருளாளர் கையில் இருக்கட்டும். மற்றது வங்கியில், மூவரில் இருவர் கையொப்பத்தோடு. செய்தி வந்ததும் நிர்வாகத்தில் இருவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்க வேண்டும். ஆசிரியர் வீடோ கூலியாள் வீடோ, அதே தொகை, அதே பந்தல். இந்தச் சமன்தான் சங்கத்தின் உயிர்.

இரவு விழித்திருக்கவும் மயான வேலைக்கும் பத்துப் பத்துப் பேராக முறை வையுங்கள். வராதவருக்குத் தண்டம். காசைவிட இந்தக் கைகளுக்குத்தான் வீட்டார் அதிகம் நன்றி சொல்வார்கள்.

கதிரைகளின் அடிப்பக்கத்தில் சங்கப் பெயரைத் தீந்தையால் எழுதுங்கள். தறப்பாளை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காயவைத்துக் கொடுப்பது கொண்டுபோனவர் பொறுப்பு. கல்யாணத்துக்குக் கொடுத்தால் வாடகை வாங்குங்கள், ஆனால் இடையில் ஒரு மரணம் வந்தால் சாமான் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பதை வாடகைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.