சிட்டுக்குருவியையும் பழந்தின்னி வௌவாலையும் ஒப்பிட்டு வரைவது எப்படி?

முதலில் உங்கள் இடது கையைத் தாளில் வைத்து, ஐந்து விரலையும் சுற்றிக் கோடு போடுங்கள். குருவியும் வௌவாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கின்றன: இரண்டின் சிறகும் இதே கை வேறு வடிவம் எடுத்ததுதான். நான் பல வருடம் பறவைகளை மட்டுமே வரைந்தவன். முதல் வௌவாலை வரைந்தபோது சிறகின் தோல்சவ்வை இடுப்போடு நிறுத்திவிட்டேன். அது கணுக்கால் வரை இறங்குகிறது என்பது, ஒன்று தலைக்கு மேல் அந்தி வெளிச்சத்தில் கடந்தபோதுதான் தெரிந்தது. மெல்லிய சவ்வு, அதற்குள் கறுப்பாக விரல் எலும்புகள்.

குருவியின் பக்கம் வாருங்கள். உள்ளங்கை எலும்புகள் ஒட்டிப்போய், மூன்றே விரல்கள், அவையும் குட்டை. சிறகின் நுனியை உருவாக்குவது எலும்பல்ல, கையில் வேர்கொண்ட ஒன்பது நீண்ட இறகுகள். அதனால் கையைச் சின்னதாக வரைந்து இறகை நீட்டுங்கள்.

வௌவாலுக்கு இது அப்படியே தலைகீழ். நான்கு விரல்களும் குடைக்கம்பி போல நீண்டு சவ்வைத் தாங்குகின்றன. கட்டைவிரல் மட்டும் கொக்கி நகத்தோடு வெளியே நிற்கும். பெரும்பாலான பழந்தின்னிகளுக்கு ஆள்காட்டி விரலிலும் ஒரு நகம் உண்டு. பூச்சி தின்னும் வௌவாலுக்கு அது கிடையாது. இந்தச் சின்ன நகத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை எதிரொலியை நம்புவதில்லை. பார்வையும் மோப்பமும்தான் வழிகாட்டி.

பறப்பதை ஒப்பிட, கைப்பேசியில் ஸ்லோமோஷன் எடுங்கள். வௌவாலை வெளிர்ந்த வானம் பின்னால் இருக்கும்போது பிடிக்க வேண்டும். சிறகு மேலே ஏறும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள்: இரண்டுமே சிறகை உடலோடு சேர்த்து மடக்கும். குருவிக்கு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும். வௌவாலோ விரல்களையே மடக்கும்.

கிளம்புவதிலும் வித்தியாசம் உண்டு. குருவி காலால் தரையை உதைத்து எழும்பும். தொங்கும் வௌவால் பிடியை விட்டுவிட்டு, விழும் வேகத்திலேயே பறக்கத் தொடங்கும். அதன் எடையே தசைநாரை இழுத்து நகங்களைப் பூட்டிவைப்பதால் தூக்கத்திலும் பிடி நழுவாது.

கீழே கிடக்கும் வௌவாலை, செத்ததோ உயிருள்ளதோ, தொடவே தொடாதீர்கள். வெறிநோய்க் கிருமி போன்றவை அதனிடம் இருக்கக்கூடும். படம் எடுத்தால் போதும்.

பொறுமை இருந்தால் தொங்கும் ஒன்றையே கவனியுங்கள். சிறுநீர் கழிக்கும் முன் கட்டைவிரல்களால் கிளையைப் பற்றி, காலை விட்டு, நிமிர்ந்து தொங்கும். கட்டைவிரலை வரைய அதைவிட நல்ல நேரம் கிடையாது.