பழைய கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? இப்படித் தேடிப் பாருங்கள்

சத்தம் நின்றதுமே "சவுண்ட் கார்டு போச்சு" என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். கோளாறு ஸ்பீக்கரிலா, கம்ப்யூட்டரிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

1. ஸ்பீக்கர் பின்னை உருவி, ஹெட்போன் துளை உள்ள ஒரு செல்போனில் செருகிப் பாட்டுப் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. பாடாவிட்டால் அதன் பவர் வயரையும் வால்யூம் திருகையும் பாருங்கள்.

2. டார்ச் அடித்து சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. வீடு பெருக்கும்போது சிபியுவை நகர்த்தினால் பின் கொஞ்சம் வெளியே வந்துவிடும். பார்த்தால் செருகியது போலவேதான் இருக்கும். பச்சையில் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

3. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டில் புது மானிட்டரை, படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய அன்றே சத்தம் போய்விட்டது. ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது! விண்டோஸ் 7, 10 இரண்டிலும் கண்ட்ரோல் பேனலில் 'ஹார்டுவேர் அண்ட் சவுண்ட்', அதில் 'சவுண்ட்' திறங்கள். 'பிளேபேக்' பகுதியில் பச்சை டிக் 'ஸ்பீக்கர்ஸ்' மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' அழுத்துங்கள். பட்டியலிலேயே காணோமா? வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' கொடுங்கள். 'ஸ்பீக்கர்ஸ்' தெரிந்ததும் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.

அப்புறம், ஒரு பாட்டை ஓடவிட்டு 'ஸ்பீக்கர்ஸ்' பக்கத்தில் உள்ள கோடுகளைக் கவனியுங்கள். பச்சையாக ஏறி இறங்கினால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. பச்சைத் துளையோ வயரோதான் கெட்டிருக்கிறது. முன்பக்கத் துளையில் ஹெட்போன் செருகிப் பாருங்கள்.

4. கோடு அசையவே இல்லையா? அதே 'ஹார்டுவேர் அண்ட் சவுண்ட்' பகுதியில் உள்ள 'டிவைஸ் மேனேஜர்' போய் ஆடியோ கருவியை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள். விண்டோஸ் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும்.

5. ஆடியோ கருவியே அங்கு இல்லையென்றால், ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய், மதர்போர்டிலேயே உள்ள ஒலிப் பகுதியான 'ஆன்போர்டு ஆடியோ' எனேபிளில் இருக்கிறதா பாருங்கள். பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்.

இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால் கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பென்டிரைவ் அளவில் யுஎஸ்பி சவுண்ட் கார்டு மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் செருகி, ஸ்பீக்கர் பின்னை அதில் மாட்டி, மூன்றாவது படியில் சொன்ன பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.