முதலில் ஐந்தொகை, அப்புறம் இலக்கு

புது வருஷத்தன்று டைரியில் பத்து இலக்கு எழுதுவதும், பொங்கலுக்குள் அந்த டைரி பரணுக்குப் போவதும் எனக்கும் பழக்கம்தான். எங்கள் செட்டிநாட்டில் பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போனவர்கள் பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்தார்கள், கையிருப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தெரிய. அதையே உங்களுக்கும் போடுங்கள்.

ஒரு பக்கம் தெரிந்த வேலை, சேமிப்பு, மிச்சமாகும் நேரம். எதிர்ப்பக்கம் கடன், தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை, பேசாமல் விட்ட தம்பி. பொய் எழுதாதீர்கள், யாரும் தணிக்கைக்கு வரப்போவதில்லை.

அப்புறம் இலக்கு: வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, போதும். ‘அரசு வேலை வாங்கணும்’ என்பது ஆசை. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கணக்கும் திறனறிவும். அதில்தான் நீங்கள் வீக் என்றால், காரைக்குடி பஸ் வருவதற்குள் தினமும் 10 கணக்கு என்பது இலக்கு, ஏனென்றால் ராத்திரி அதற்கு டிக் போட முடியும்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். இரண்டு வாரமாக டிக் இல்லையா, 10-ஐ 4 ஆக்குங்கள். என் ஒரு மணி நேர நடை இப்படித்தான் ஊருணியை இரண்டு சுற்று என்று இறங்கியது. மழை நாள் தவிர விட்டதில்லை.