ஸ்போர்ட் குவாடா, யுட்டிலிட்டி ஏடிவியா: குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

குவாட், ஏடிவி இரண்டுமே சாலையில்லா இடங்களில் ஓட்டும் நான்கு சக்கர பைக்குகள்தான்: ஸ்போர்ட் வேகத்துக்கு, யுட்டிலிட்டி வேலைக்கு. ஸ்போர்ட் வகையான யமஹா ராப்டர் 700-இல் இருப்பது 686 சிசி, ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதே யமஹாவின் யுட்டிலிட்டி வண்டியான கிரிஸ்லி 700-இலும் 686 சிசி, ஒற்றை சிலிண்டர்தான். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் நிரப்பிய ராப்டர் சுமார் 190 கிலோ. கிரிஸ்லி 310 கிலோவைத் தாண்டும். அந்த 120 கிலோ எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தாலே இரண்டு வகைக்குமான வித்தியாசம் முழுவதும் பிடிபட்டுவிடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பின்பக்கம் குனியுங்கள்

ஸ்போர்ட் குவாடில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கும். அதன் மேலேயே செயின் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) பிரேக் டிஸ்க்கும் இருக்கும். ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஒரே கை (ஸ்விங்ஆர்ம்), ஒரே ஷாக். எடை குறைவு, மணலில் நேராகப் பாயும். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே மிகக் குறைந்த இடைவெளி அங்கேதான்: ராப்டரில் ஏறத்தாழ 11 செ.மீ. கல் நிறைந்த பாதையில் முதலில் அடிபடுவது ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் டிஸ்க்கும்தான்.

கிரிஸ்லியில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனிக் கைகளில் தொங்கும். சக்தி போவது ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வழியாக. தரை இடைவெளி 28 செ.மீ.க்கு மேல். முன்னால் ஒரு டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு), இரண்டு ஷாஃப்ட். கூடுதல் எடையில் ஒரு பங்கு இந்த நான்கு சக்கர இயக்கத்துக்குப் போகிறது.

ஒற்றை ஆக்சிலைக் கண்டதும் ஸ்போர்ட் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஹோண்டா ராஞ்சரின் அடிப்படை மாடல்களிலும் ஒற்றை ஆக்சில்தான். ஆனால் அங்கே செயினுக்குப் பதில் மூடிய குழாய்க்குள் ஷாஃப்ட். பெரிய எஞ்சின் வண்டிகளில் செயின் என்றால் ஸ்போர்ட், ஷாஃப்ட் என்றால் வேலை வண்டி என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தவறாது.

படி 2: இடதுகை லீவரைப் பிடித்துப் பாருங்கள்

புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ராப்டரில் இடது லீவர் கிளட்ச். காலால் மாற்றும் 5 கியர், ரிவர்ஸ் உண்டு. (பந்தயத்துக்கென்றே வந்த ஒய்எஃப்இசட்450ஆர்-இல் ரிவர்ஸ் கிடையாது. முட்டுச்சந்தில் மாட்டினால் இறங்கித் தள்ள வேண்டும்.) கிரிஸ்லியில் கிளட்ச் லீவரே இல்லை, பெல்ட்டில் ஓடும் சிவிடி (கியர் மாற்றாமல் தானாக இயங்கும் அமைப்பு). இடது லீவர் பின்பிரேக்.

கிரிஸ்லியில் பழகிய கை, ராப்டரில் சரிவில் இறங்கும்போது பழக்க தோஷத்தில் இடது லீவரை இழுக்கும். கிளட்ச் விடுபடும், எஞ்சினின் தடை போய்விடும், வண்டி வேகமெடுக்கும். வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் சமதளத்தில் பத்து தடவையாவது நிறுத்திப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 3: டயர்

பக்கவாட்டில் 20x10-9 என்று இருந்தால், உயரம் 20 அங்குலம், அகலம் 10, ரிம் 9. ராப்டரின் பின்டயர் இந்த அளவுதான். முன்டயர் 21 அல்லது 22 அங்குலம். கிரிஸ்லியில் 25 அங்குலம் அல்லது அதற்கு மேல்.

காற்று இரண்டு வகையிலுமே மிகக் குறைவு, 4 முதல் 6 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். சரியான எண் வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உண்டு. கார் டயர் கேஜில் இவ்வளவு சின்ன அளவு சரியாகத் தெரியாது. 0–10 பிஎஸ்ஐ கேஜ் தனியாக வாங்குங்கள். ஒற்றை ஆக்சிலில் ஒரு பின்டயரில் 1 பிஎஸ்ஐ குறைந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஹேண்டில்பார் கோணல் என்று நினைத்துப் பலர் ஸ்டியரிங்கைக் கழற்றிவிடுகிறார்கள். முதலில் காற்றைப் பாருங்கள்.

படி 4: சுமை

கிரிஸ்லி முன் கேரியரில் 50 கிலோ, பின்னால் 90 கிலோ, டிரெய்லரில் 600 கிலோ. ஸ்போர்ட் குவாடில் கேரியரே கிடையாது. சீட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய சப்ஃபிரேம் பிளாஸ்டிக்கைத் தாங்கவும் ஓட்டுபவரைத் தாங்கவும் மட்டுமே. அதில் மூட்டையைக் கட்டினால் சப்ஃபிரேம் வளையும், மேடேறும்போது முன்சக்கரம் தூக்கும். சீட் நீளமாக இருப்பது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு. இரண்டாம் ஆளுக்கென்றே தயாரித்த மாடல் தவிர எதிலும் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம்.

ஆஸ்திரேலியச் சட்டமும் இந்த இரண்டு வகையையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் பண்ணை வேலைக்கான புதிய குவாடுகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் அமைப்பு கட்டாயம். அந்த விதி ஸ்போர்ட் குவாடுகளுக்கு இல்லை.

படி 5: மெதுவாக ஒரு வட்டம்

கிரிஸ்லியிலும் இரண்டு பின்சக்கரங்களும் பூட்டியே சுழல்கின்றன. தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் டிஃபரன்ஷியல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆகவே இரண்டு வண்டியிலும் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலால் அழுத்துங்கள். உள்பக்க டயர் சற்று இலேசாகி வழுக்கும், வண்டி திரும்பும். நேராக உட்கார்ந்து ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் முன்டயர் மண்ணை உழுதபடி நேராகவே போகும். உயரமான கிரிஸ்லியில் வேகமாகப் போகும்போது இப்படி நேராக உட்கார்ந்தே திருப்பினால் கவிழும்.

வாங்கும் முன் கைவைக்க வேண்டிய இடங்கள்

ஸ்போர்ட் என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை வெளிப்பக்கம் இழுங்கள். பல்லின் பாதி தெரியும் அளவுக்கு எழுந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுச் செயினைப் பழைய பல்லில் போட்டால் அதுவும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு பின்டயரின் மேல்பகுதியைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் ஆக்சில் பேரிங்குக்குள் மணலும் தண்ணீரும் போயிருக்கிறது.

யுட்டிலிட்டியில் ஷாஃப்ட் முனைகளிலுள்ள ரப்பர் பூட்களை (மடிப்பு உறைகளை) துணியால் துடைத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. கிழிந்து கொஞ்ச நாளே என்றால் பூட்டும் கிரீஸும் போதும். திருப்பும்போது கடகடவென்று சத்தம் வந்துவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். சிவிடி பக்கம் ரப்பர் கருகிய வாடை அடித்தால், டிரெய்லரை எல் (மெதுவான, இழுவை அதிகமான) நிலையில் போடாமல் எச் (வேகமான) நிலையிலேயே இழுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பெல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.