ஊட்டும் ரோபோவில் அரிசிம்பருப்பும் சந்தகையும்

கை அசையாதவருக்கு உணவூட்டும் ரோபோவை, அடியில் ரப்பர் விரிப்பு போட்டு மேசையில் ஆடாமல் வையுங்கள். சாப்பிடுபவர் நிமிர்ந்து, தாடை சற்றே தாழ உட்கார வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர் என்றால் சிகிச்சையாளரிடம் கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும்.

கரண்டி வந்து நிற்கும் இடத்தை முதலில் வெறும் கரண்டியோடு ரோபோவுக்குப் பழக்குங்கள். உதட்டுக்கு 2 முதல் 3 செ.மீ. முன்னால் அது நிற்கட்டும்; சாப்பிடுபவரே முன்வந்து வாங்கிக்கொள்ளட்டும். வாய்க்குள் நுழையும்படி வைத்தால், உடல் திடீரென இறுகும்போது பல்லில் இடிக்கும்.

ரோபோவை இயக்கும் சுவிட்ச், அவர் சோர்ந்தபோதும் தவறாமல் அசையும் உடல் பகுதிக்கு அருகே இருக்க வேண்டும். முழங்கால், பாதம், கன்னம் எதுவானாலும் சரி.

நம் ஊர்ச் சாப்பாட்டில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த அரிசிம்பருப்பு உதிரியாக இருந்தால் வழியெல்லாம் சிந்தும். நெய் விட்டுக் குழைத்து, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல நழுவும் பதத்தில் வையுங்கள். இடியாப்பம் போன்ற சந்தகை நூலாகத் தொங்கும், 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நனையும் அளவுக்கு மட்டும் தேங்காய்ப்பால் விடுங்கள். ராகிக்களி கரண்டியை விட்டு வராது, அதைக் கையால் ஊட்டுவதே நல்லது. ரசம் வேண்டாம்.

புரையேறினால் உடனே நிறுத்த, சாப்பிட்டு முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.