அலைன்மென்ட் கடையில் தீராத கோளாறு: வீட்டில் கட்டும் காரின் ஸ்டீரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி 800-இன் முன்பக்கச் சாமான்களைக் கழற்றி, சதுரக் குழாயில் அடித்த சட்டத்தில் மாட்டி, அரியாங்குப்பம் வீட்டுப் போர்ட்டிகோவிலேயே இரண்டு சீட்டு வண்டி ஒன்று கட்டினேன். வீட்டில் கட்டிய காரை ஆர்டிஓவில் பதிவு செய்வது குதிரைக் கொம்பு என்பதால், ஓட்டிப் பார்ப்பதெல்லாம் வில்லியனூர் பக்கம் நண்பரின் செங்கல் சூளை மண் பாதையில்தான். நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், நான் திருப்பாமலே வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். குட்டி யானையில் ஏற்றி மூன்று தடவை அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன், மூன்று தடவையும் திரையில் எல்லாம் பச்சை.

பெரிய தவறே இதுதான். அந்த மெஷின் நிற்கிற வண்டியை அளக்கிறது, சக்கரம் ஏறி இறங்கும்போது நடப்பது அதற்குத் தெரியாது. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் ஏறி இறங்கும்போது ஒரு வளைவு போடும், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் தன் பங்குக்கு ஒரு வளைவு போடும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டை ராட் சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீர். கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்த இடத்திலிருந்து ரேக்கை (ஸ்டீரிங்கைச் சுற்றினால் இடவலமாக நகர்ந்து டை ராடை அசைக்கும் பல்சட்டத்தை) எடுத்து, இன்ஜின் இடிக்கிறதே என்று ஒரு இஞ்ச் மேலே பிராக்கெட் அடித்தது நான்தான், டோவை (மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் முன்பக்கம் உள்ளே குவியும் அல்லது வெளியே விரியும் அளவை) எத்தனை தடவை திருகினாலும் அது போகுமா?

அதனால் ரேக் பிராக்கெட்டை முழு வெல்டிங் செய்ய அவசரப்படாதீர்கள். சின்னப் பொட்டு வெல்டாக டேக் மட்டும் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீரிங்கை அசையாமல் கட்டி, சாவிக்கொத்தில் வரும் லேசர் லைட்டைச் சக்கரம் மாட்டும் ஹப்பில் டேப் போட்டு ஒட்டி 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்க்க வையுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை நடு நிலையிலிருந்து 50 மி.மீ. மேலேயும் 50 மி.மீ. கீழேயும் கொண்டுபோய், புள்ளி போகும் வழியைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி திரும்பினாலே புள்ளி 52 மி.மீ. விலகும், ஏமாற்ற வழியே இல்லை. மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே போகும்போது எதிர்ப் பக்கமும் சாய்ந்தால் ரேக்கின் உயரம் தப்பு, வாஷர் வைத்து ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே பக்கம் வளைந்தால் டை ராடின் நீளம் தப்பு, அதாவது ரேக் உங்கள் சட்டத்துக்கு அகலமாகவோ குறுகலாகவோ இருக்கிறது. எனக்கு முதல் வகை, 9 மி.மீ. இறக்கியதும் கோடு கிட்டத்தட்ட நேரானது.

டை ராட் மாட்டும் ஸ்டீரிங் ஆர்மைச் சூடுபண்ணி வளைத்துச் சரிக்கட்டலாம் என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் கேட்காதீர்கள். அடித்து உருவாக்கிய இரும்பு, சூட்டில் அதன் பலம் போய்விடும், அது உடைந்தால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அடுத்து, தூக்குகுண்டு விட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட்டைச் செங்குத்தாக நிறுத்துவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதேபோல ஸ்ட்ரட்டின் மேல்முனையும் பின்பக்கம் சாய வேண்டும். 3 முதல் 5 டிகிரி போதும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

அக்கர்மன் (வளைவில் உள்பக்கச் சக்கரத்தை வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் திருப்பும் அமைப்பு) பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். 1818-இல் குதிரை வண்டிக்காக லண்டனில் காப்புரிமை வாங்கிய விஷயம் அது (கண்டுபிடித்தவர் மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர், பேர் மட்டும் ஏஜென்டாகப் போன அக்கர்மனுக்கு). மாருதி 800-இன் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 2175 மி.மீ. என்பது உங்கள் வண்டியில் கொஞ்சம் கூடினால் குடி முழுகிவிடாது. ஆனால் இடமில்லை என்று ஹப்புகளை இடம் வலம் மாற்றி ஸ்டீரிங் ஆர்மை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தால் அக்கர்மன் தலைகீழாகும், டயர் தேயும். ரேக்கையும் அப்படியே முன்னால் நகர்த்தியிருந்தால் வலது பக்கம் திருப்ப வண்டி இடது பக்கம் போகும், சிரிக்காதீர்கள், இது நடந்திருக்கிறது.

ஸ்டீரிங் ஒரு இடத்தில் இறுகி அடுத்த கால் சுற்றில் லேசானால் ரேக்கைத் திட்டாதீர்கள், ஸ்டீரிங்கையும் ரேக்கையும் இணைக்கும் நடு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள யுஜே (யுனிவர்சல் ஜாயிண்ட்) கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோ கடைசியில்தான். அதற்கு முன் பால் ஜாயிண்ட், புஷ், ரேக் கிளாம்பில் ஆட்டம் இருக்கக் கூடாது, கடல் காற்றில் நம் ஊரில் இவை சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைத்தண்ணீர் ஓட போர்ட்டிகோ தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், ரசமட்டம் வைத்து, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் டைல்ஸ் துண்டு கொடுங்கள். ஆள் எடைக்குப் பதிலாக டிரைவர் சீட்டில் 25 கிலோ பொன்னி மூட்டை மூன்று. ஜாக்கியை இறக்கியதும் அளக்காமல், வண்டியை முன்னும் பின்னும் பத்தடி தள்ளிவிட்டு, டோவை அளக்கச் சக்கரங்களின் பக்கவாட்டில் நூல் பிடியுங்கள். ரேக்கை நடுவில் நிறுத்தி, இரண்டு டை ராடையும் சமமாகத் திருகி, 1 முதல் 2 மி.மீ. டோ-இன் (முன்பக்கம் உள்ளே குவிவது) வைத்தேன். லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும், இறுக்கிவிட்டு இன்னொரு தடவை நூல் பிடித்துப் பாருங்கள்.